மலைக்குள் ஒரு சமதளப் பாதை: சைக்கிள் பயண வழியைக் கம்ப்யூட்டரில் சோதிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள், மேப் தளத்தைத் திறந்தவுடன் முதலில் தேடுவது தங்கள் வீட்டைத்தான். வீட்டின் மொட்டை மாடி தெரிந்ததும் மகிழ்ச்சியுடன் மேப்பை மூடிவிடுவார்கள். ஆனால் அதே மேப்பைக் கொண்டு, நாம் பார்த்திராத ஒரு நாட்டில், லாரியும் காரும் வராத சைக்கிள் பாதையைத் தேடி, அதில் மேடு எவ்வளவு, தரை எப்படி என்று புறப்படும் முன்பே அறிந்து கொள்ளலாம். இதற்குத் தேவையான புரோகிராம்களும் தளங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளுடன் சில வாரங்கள் தங்கச் செல்லும் பெற்றோர், அங்கு படிக்கும் மாணவர்கள் எனப் பலருக்கும் இது பயன்படும். சைக்கிள் பயணத்திற்கு முன் எழும் கேள்விகள் மூன்றுதான். வண்டிகள் வருமா? மேடு ஏற வேண்டியிருக்குமா? தரை வழவழப்பாக இருக்குமா? இந்த மூன்றுக்கும் கம்ப்யூட்டர் பதில் தரும். ஆனால் அது தரும் எல்லா எண்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டு: மியூஸ் ஆறு

பிரான்சின் வடகிழக்கில், பெல்ஜியம் எல்லையை ஒட்டி ஆர்டென் என்னும் காடு நிறைந்த மலைப்பகுதி உள்ளது. இதனை அறுத்துக் கொண்டு மியூஸ் ஆறு வடக்கு நோக்கிப் பாய்கிறது. ஷார்ல்வில்-மெசியேர் நகரிலிருந்து எல்லையில் உள்ள ஜிவே ஊர் வரை ஆற்றங்கரையிலேயே ஒரு சைக்கிள் பாதை செல்கிறது. இதன் பெயர் ட்ரான்ஸ்-ஆர்டென். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகள் வழியாக 1,000 கி.மீ.க்கு மேல் நீளும் யூரோவெலோ 19 என்ற பாதையின் ஒரு பகுதி இது.

அக்காலத்தில் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து குதிரைகளும் மனிதர்களும் இழுத்துச் சென்றார்கள். அதற்காக அமைந்த கரைப்பாதைதான் இன்று தார் போட்ட சைக்கிள் பாதையாக மாறியிருக்கிறது. இருபுறமும் மலைகள் 200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றாலும், பாதை ஆற்றை விட்டு விலகுவதில்லை. எனவே மலைப்பகுதிக்குள் இருந்தும் மலையேற்றம் இல்லை. இனி இதனைக் கம்ப்யூட்டரில் சோதிப்போம்.

1. பாதையைத் தேடிப் பிடித்தல்:

பிரவுசரில் வேமார்க்டு ட்ரெயில்ஸ் என்ற தளத்தைத் திறந்து, அதில் சைக்கிள் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும். ஊர்ப்பெயரைத் தேடல் கட்டத்தில் டைப் செய்திடுங்கள். பிரெஞ்சுப் பெயர்களில் எழுத்துகளின் மேல் வரும் சிறு கோடுகளை விட்டுவிட்டு டைப் செய்தாலும் ஊர் கிடைத்துவிடும். திரையில் தெரியும் பகுதியில் செல்லும் சைக்கிள் பாதைகள் பட்டியலிடப்படும். வேண்டிய பாதையில் கிளிக் செய்தால் அதன் நீளம் கிடைக்கும். பாதையை ஒரு பைலாக டவுன்லோட் செய்திடும் வசதியும் அங்கேயே உள்ளது.

இரண்டு வகை பைல்களைக் காண்பீர்கள். கேஎம்எல் என்பது கூகுள் எர்த் புரோகிராமிற்கு ஏற்றது. ஜிபிஎக்ஸ் என்பது மொபைல் போனுக்கும் ஜிபிஎஸ் சாதனங்களுக்கும் ஏற்றது. இரண்டையும் டவுன்லோட் செய்து ஒரே போல்டரில் வைத்துக் கொள்ளுங்கள்.

2. நேர்க்கோடும் உண்மைத் தூரமும்:

கூகுள் எர்த் புரோ புரோகிராம் 2015 முதல் இலவசமாகத் தரப்படுகிறது. அதனை இன்ஸ்டால் செய்தபின், கேஎம்எல் பைலில் டபுள் கிளிக் செய்திடுங்கள். உலக உருண்டை சுழன்று பாதை இருக்கும் இடத்தில் வந்து நிற்கும். மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தியபடி நகர்த்தினால் காட்சி சாய்ந்து, மலைகள் எழுந்து நிற்பதைக் காணலாம்.

இப்போது டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஷார்ல்வில்லிலிருந்து ஜிவே வரை ஒரு நேர்க்கோடு இழுங்கள். சுமார் 42 கி.மீ. என்று காட்டும். ஆனால் கரைப்பாதையின் நீளம் 80 கி.மீ.க்குச் சற்று அதிகம். ஆறு அவ்வளவு வளைகிறது. மொந்தெர்மே என்ற ஊரை ஆறு ஏறத்தாழ முழுவதும் சுற்றி வருவதை மேலிருந்து பார்த்தாலே புரியும். இரண்டு ஊர்களுக்கு இடையே பயண நேரத்தைக் கணக்கிடும்போது நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பினால், பாதி வழியிலேயே இருட்டிவிடும்.

3. பொய் மேடுகள்:

கூகுள் எர்த்தின் இடது பக்கப் பட்டியலில் பாதையின் பெயர் இருக்கும். அது போல்டராக இருந்தால், கோடு தெரியும் வரை திறந்து கொண்டே செல்லுங்கள். கோட்டில் ரைட் கிளிக் செய்து ஷோ எலிவேஷன் புரொஃபைல் என்பதைத் தேர்ந்தெடுத்தால், திரையின் கீழே மேடு பள்ள வரைபடம் விரியும்.

இங்கேதான் புதியவர்கள் பயந்துவிடுகிறார்கள். ஆற்றங்கரைப் பாதையில் ஆங்காங்கே செங்குத்தான மேடுகள் இருப்பதாக வரைபடம் காட்டலாம். காரணம் எளிது. தரையின் உயரம் சிறு சிறு கட்டங்களாக அளக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் பதியப்பட்டுள்ளது. குறுகிய பள்ளத்தாக்கில் ஒரே கட்டத்திற்குள் கரையும் மலைச்சரிவும் சேர்ந்து விழுகின்றன. பாதைக் கோடு சில மீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தாலும், மலைச்சரிவின் உயரமே பாதையின் உயரமாகக் காட்டப்படும். சுரங்கப் பாதைகளிலும் பாலங்களிலும் இதே சிக்கல் உண்டு.

இதைச் சரிபார்க்கப் பாதையின் இரண்டு முனைகளிலும் ஆற்று நீரின் மேல் மவுஸ் கர்சரை வைத்து, திரையின் கீழ் வரும் உயரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். ஷார்ல்வில்லுக்கும் ஜிவேவுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 40 மீட்டர்தான். 80 கி.மீ. தூரத்தில் 40 மீட்டர் இறக்கம் என்றால், கிலோமீட்டருக்கு அரை மீட்டர். ஆறு மேல்நோக்கி ஓடாது. அதை ஒட்டியே செல்லும் பாதையும் பெரிய மேட்டில் ஏற முடியாது. படகுகளுக்கான மதகுப் பூட்டுகள் உள்ள இடங்களில் மட்டும் ஆற்றின் மட்டம் படிபோல இறங்கும். அங்கே சிறிய ஏற்ற இறக்கம் இருக்கும். கிராபில் தெரியும் மற்ற கூர்மையான முனைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். அதேசமயம், பாதை ஆற்றை விட்டு உண்மையிலேயே விலகும் இடத்தில் மேடு காட்டினால், அதை நம்புங்கள்.

4. வண்டி வருமா, தரை எப்படி?

அடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திற்குச் செல்லுங்கள். 2004ல் தொடங்கப்பட்ட இந்த மேப்பை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து வருகிறார்கள். பாதையின் மேல் ரைட் கிளிக் செய்து கொயரி ஃபீச்சர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த இடத்தைப் பற்றிய குறிப்புகள் வரும். அதில் இரண்டு வரிகளைக் கவனிக்கவும்.

• ஹைவே என்ற வரியில் சைக்கிள்வே என்று இருந்தால் அது சைக்கிளுக்கான பாதை. பிரைமரி, செகண்டரி என்றிருந்தால் அது வாகனங்கள் செல்லும் முக்கியச் சாலை.

• சர்பேஸ் என்ற வரியில் ஆஸ்பால்ட் என்று இருந்தால் தார்ச்சாலை. கிராவல் என்றால் ஜல்லி. மெல்லிய டயர் கொண்ட ரேஸ் சைக்கிளுக்கு ஜல்லிப் பாதை சரிப்படாது. இந்த வரியே இல்லை என்றால், யாரும் இன்னும் பதியவில்லை என்று பொருள். தரை நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல.

கூகுள் மேப்ஸில் உள்ள மஞ்சள் மனித உருவத்தை மவுஸால் தூக்கிப் பிடித்தால், கேமரா வாகனம் சென்ற சாலைகள் நீல நிறத்தில் தெரியும். ஆற்றின் ஒரு கரையில் நீலக்கோடு இருந்து மறு கரையில் இல்லை என்றால், மறு கரையில் கார் செல்வதில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். உறுதியான சான்று அல்ல. மேலே சொன்ன குறிப்புகளுடன் சேர்த்துப் பாருங்கள்.

பிரான்சில் வுவா வெர்த், அதாவது பசுமைப் பாதை, என்ற பெயர் கொண்ட பாதைகளுக்கு 2004 முதல் சாலை விதிகளில் தனி இடம் உண்டு. மோட்டார் வாகனங்கள் அங்கு அனுமதிக்கப்படுவதில்லை. நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் அதே பாதையைப் பயன்படுத்துவார்கள் என்பதால் வேகம் கூடாது.

5. பாதை திறந்திருக்கிறதா?

மேப்பில் பாதை இருக்கிறது என்பதாலேயே இன்று அது திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆற்றங்கரைப் பாதைக்கு முதல் எதிரி வெள்ளம். மியூஸ் ஆறு 1995 ஜனவரியில் கரை புரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. பிரெஞ்சு அரசின் விஜிக்ரூ என்ற தளம் ஆறுகளின் வெள்ள நிலையைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் காட்டுகிறது. மொழி தெரியாவிட்டாலும் நிறம் புரியும். பச்சையாக இல்லாவிட்டால் பயணத்தைத் தள்ளி வைக்கலாம்.

வேறு காரணங்களும் உண்டு. இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையில் ஓடும் வை ஆற்றின் பள்ளத்தாக்கில், பழைய ரயில் சுரங்கம் ஒன்று 2021ல் சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தச் சுரங்கம், உள்ளே வாழும் வவ்வால்களுக்காகக் குளிர்காலம் முழுவதும் மூடப்படுகிறது. எந்தப் பாதையானாலும், அந்தப் பகுதியின் சுற்றுலாத் துறைத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

6. திரும்பும் வழி:

மியூஸ் பள்ளத்தாக்கில் ஷார்ல்வில்லுக்கும் ஜிவேவுக்கும் இடையே ரயில் பாதையும் செல்கிறது. எனவே 80 கி.மீ.யையும் ஓட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. களைத்துவிட்டால் ரெவான், ஃபுமே போன்ற ஊர்களில் ரயில் ஏறலாம். கூகுள் எர்த்தில் அந்த ரயில் நிலையங்களைப் பின் போட்டுக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். சைக்கிளை ஏற்றிக் கொள்ளும் ரயில் எது, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை அன்றைய தேதியிட்டுப் பார்க்கவும்.

இறுதியாக, ஜிபிஎக்ஸ் பைலை மொபைல் போனுக்கு மாற்றி, ஓஎஸ்எம்அண்ட் போன்ற ஆப் ஒன்றில் திறந்து, அந்தப் பகுதி மேப்பையும் முன்கூட்டியே டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். மலைகளுக்கு நடுவே சிக்னல் இல்லாவிட்டாலும் பாதை திரையில் இருக்கும். கூடவே பாதையில் உள்ள ஊர்களின் பெயர்கள், தூரம், ரயில் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். தாளுக்கு பேட்டரி சார்ஜ் தேவையில்லை.