மூன்று பட்டை, ஒரு கொடி

தேசிய மாணவர் படை 1948-இல் தொடங்கியது. அதன் யூனிட்டுகளுக்கு 1951-இல் கிடைத்த முதல் கொடி, நிறத்திலும் அளவிலும் தரைப்படை ரெஜிமெண்டுகளின் கொடியைப் போலவே இருந்தது. நடுவில் மாணவர் படை முத்திரையும் யூனிட்டின் பெயரும் இருந்ததுதான் வேறுபாடு. விமானப் பிரிவும் கடற்படைப் பிரிவும் சேர்ந்துவிட்ட படைக்கு அந்தக் கொடி பொருந்தவில்லை. 1954-இல் இன்றைய மூவண்ணக் கொடி வந்தது.

செங்குத்தாக நிற்கும் மூன்று பட்டைகளில் கம்பத்தை ஒட்டிய சிவப்பு தரைப்படைக்கு, நடுவிலுள்ள கருநீலம் கடற்படைக்கு, ஓரத்து வெளிர்நீலம் விமானப்படைக்கு. அகலத்தில் மூன்றும் சமம். ஆனாலும் வரிசையில் முன்பின் உண்டு, அது முப்படைகளின் மரபு வரிசை. நடுவில் பொன்னிற எழுத்தும் சின்னமும்; சுற்றிலும் 17 தாமரைகள். மாணவர் படையின் 17 இயக்ககங்களை அவை குறிப்பதாக மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது.

பல சின்னங்களை ஒன்றாக வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சோழர் செப்பேட்டு முத்திரையில் புலி அமர்ந்திருக்கும். அருகே பாண்டியரின் இணைக்கயலும் சேரரின் வில்லும். அது வென்றவன் வெட்டிய முத்திரை. கயலும் வில்லும் அங்கே விருந்தாளிகள் அல்ல, அடங்கியவை. மாணவர் படைக் கொடி அதற்கு நேர்மாறு.

மேலைநாட்டுச் சின்னக்கலையில் பழைய விதி ஒன்று உண்டு: பொன்மேல் வெள்ளி வேண்டாம், அடர்நிறத்தின்மேல் அடர்நிறம் வேண்டாம். தூரத்தில் நிற்பவனுக்கும் உருவம் தெரியவேண்டும் என்பதே காரணம். மாணவர் படைக் கொடியில் கருநீலத்தின்மேல் பொன் எடுப்பாகத் தெரிவது இந்த விதிக்கு ஒத்ததே.

மரக்காணம் போன்ற உப்பளக் கரையில், சீருடையில் அணியும் பித்தளைச் சின்னத்துக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. உப்புக் காற்றில் பித்தளை சீக்கிரம் மங்கும், இடுக்குகளில் பச்சை பூக்கும். பிராசோ என்ற மெருகுப் பூச்சு போட்டுத் துடைத்தால் மினுமினுப்பு திரும்பும். ஆனால் துடைக்கத் துடைக்க மேட்டுக்கோடுகள் தேயும். நுணுக்க வேலைப்பாடு முதலில் போய்விடும், தடித்த உருவமே நிலைக்கும்.

மாணவர் படையின் சின்னம் நாடு முழுவதும் ஒன்றே. ஊரின் அடையாளத்துக்கு இடம் பள்ளிச் சின்னத்தில்தான். உப்பளக் கரைப் பள்ளி ஒன்று புதிதாக வரைவதானால் உப்பு அம்பாரத்தைவிடப் பொருத்தமான உருவம் கிடைப்பது அரிது. நீலத்தின்மேல் வெள்ளை முக்கோணம். சின்னக்கலையில் வெள்ளை, வெள்ளியின் கணக்கில் சேரும், விதியும் மீறப்படாது. நீண்ட கழியுள்ள உப்பு வாரும் பலகையையும் சேர்க்கலாம். ஆனால் அதைப் பொன்னிறத்தில் அம்பாரத்தின்மேல் வரைந்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். பலகை பொன்னிறமானால் பக்கத்தில் நீலத்தின்மேல் நிற்கவேண்டும், அம்பாரத்தின்மேல்தான் வேண்டுமென்றால் கறுப்பாக்க வேண்டும். விளக்கு, புத்தகம், கலங்கரை விளக்கம், உதயசூரியன் எல்லாவற்றையும் ஒரே வட்டத்தில் திணிப்பது நம் பள்ளிச் சின்னங்களின் தீராத வியாதி. சட்டைப்பை அளவுக்குச் சுருக்கித் தைத்தால் அதில் எதுவுமே தெரியாது.