மீனுக்கு எத்தனை கனஅடி?

ஒஸ்லோவின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் மாரிடால்ஸ்வானெ என்ற ஒரே ஏரியிலிருந்து வருகிறது. ஆக்கெர்செல்வா ஆறு புறப்படுவதும் அதே ஏரியில்தான். நகரின் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் ஓடி, மத்திய ரயில் நிலையப் பகுதியில் நிலத்தடிக் கால்வாய்க்குள் புகுந்து கடலைச் சேர்கிறது. முட்டையிட வரும் சால்மனும் கடல் டிரவுட்டும் அந்த இருட்டுக்குள் எதிர்நீச்சல் போட்டுத்தான் மேலே ஏற வேண்டும். ஏறி வந்தபின் தண்ணீர் இருக்குமா என்பது ஏரி மதகின் கையில்.

2011 மார்ச்சில் ஊசெட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் கரைசல் கசிந்து ஆற்று மீன்கள் மடிந்தன. அப்போது கடலில் இருந்தவை தப்பின. மீன் மறுபடி வந்தது. நஞ்சு ஒருமுறை வந்து போனது. தண்ணீர்க் குறைவு அப்படியல்ல. வறண்ட ஆண்டு எப்போது வேண்டுமானாலும் வரும், குழாயும் ஆறும் ஒரே ஏரிக்குப் போட்டியிடும். ஹோல்ஸ்ஃபியோர்டன் ஏரியிலிருந்து ஒஸ்லோவுக்குச் சுரங்கம் குடைந்து இரண்டாவது குடிநீர் வழி அமைக்கும் வேலை நடப்பது நகரத்தின் பாதுகாப்புக்காகத்தான். என்றாலும், ஆற்றுக்கும் அதில் மூச்சுவிட இடம் கிடைக்கலாம்.

சரி, ஆற்றில் எவ்வளவு விட வேண்டும்? நார்வேயின் 2000-ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம் 'வழக்கமான தாழ்நீரோட்டம்' என்ற அளவைப் பேசுகிறது. அதன் கணக்கு இது: ஓராண்டின் ஒவ்வொரு நாள் நீரோட்டத்தையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, 350-ஆவது எண்ணை எடுக்க வேண்டும். மிக வறண்ட 15 நாள்கள் கழிந்துவிடும். பல ஆண்டுகளுக்கு இப்படி எடுத்த எண்களில் மிகச் சிறிய மூன்றில் ஒரு பங்கைத் தள்ளினால், மிஞ்சியதில் சிறியதுதான் விடை. உரிமம் வேண்டாத சிறு பயன்பாட்டுக்கு இதுவே எல்லை. பெரிய திட்டங்களுக்குத் தனியாக மதிப்பிட்டு உரிமத்திலேயே எழுதுகிறார்கள்.

கணக்கு நேர்த்தியானது. ஆனால் இதில் மீனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சால்மன் இலையுதிர்காலத்தில் சரளைக்கற்களைத் தோண்டி முட்டையிடும். முட்டை வசந்தம்வரை அங்கேயே கிடக்கும். முட்டையிடும் வாரங்களில் தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிட்டால் மீன் கரையோரச் சரளைவரை போய் முட்டையிடும். ஜனவரியில் தண்ணீரைக் குறைத்தால் அந்த இடம் வெளியே தெரியும். முட்டை காய்ந்தோ உறைந்தோ போகும். அள்ளிக் கொடுத்தும் கொல்லலாம் என்பது இதுதான். இலையுதிர்கால அளவைக் குளிர்காலமும் தாங்க வேண்டும்; ஆண்டு முழுவதற்கும் ஒரே எண் போதாது.

நார்வேயின் மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் நீர்மின்சாரம் என்பதால், மின்நிலையம் உள்ள ஆறுகளில் மதகைத் திருகும் நேரத்தை மின்சந்தையே முடிவு செய்கிறது. விலை ஏறினால் டர்பைன் ஓடும், இறங்கினால் நிற்கும். நின்ற மறுகணம் கீழே ஆறு சட்டென்று வற்றும். குஞ்சுகள் கற்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும். நீர்மட்டத்தை மணிக்கு 13 சென்டிமீட்டருக்கு மேல் இறக்காமல், முடிந்தவரை இருட்டிய பிறகு இறக்கினால் சாவு குறையும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். எவ்வளவு என்பதோடு, எந்த வேகத்தில் என்பதும் உரிமத்தில் ஏற வேண்டிய விஷயம்.

பழைய நீர்மின் உரிமங்கள் பலவற்றில் குறைந்தபட்ச நீரோட்டம் என்ற நிபந்தனையே கிடையாது. இவற்றைத் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. 2013-இல் நீர்வள, எரிசக்தி இயக்ககமும் சுற்றுச்சூழல் இயக்ககமும் சேர்ந்து, 2022-க்குள் திருத்தக்கூடிய ஏறக்குறைய 400 உரிமங்களை ஆராய்ந்து, சுமார் 50 ஆற்றமைப்புகளை முதல் வரிசையில் வைத்தன. வேலை மெதுவாகவே நகர்கிறது. விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு கனமீட்டரும் விற்காத மின்சாரம் அல்லவா. 2021-இன் நார்வே சிவப்புப் பட்டியலில் சால்மன் அச்சுறுத்தலை நெருங்கும் இனம். 2024 கோடையில் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதையே நிறுத்த வேண்டியிருந்தது. அணை மட்டும் காரணமல்ல, வளர்ப்புப் பண்ணைகளும் கடலின் மாற்றமும் உண்டு. ஆனால் அரசின் கையில் உடனே எட்டுவது மதகுதான்.

நமக்கு இது அந்நியமான கணக்கு அல்ல. காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி.யைச் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியது. பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. சராசரியாக வினாடிக்கு 965 கனஅடி. அதே காவிரி நீர்ப்பகுதியில் மட்டுமே வாழும் திமில் மஷீர் 2018 முதல் உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் ஏறி இறங்கலாம் என்பது அந்த மாத அட்டவணைக்குள் வரவேயில்லை.