சாஃப்ட்வேர் திருட்டைத் தடுக்க எந்தப் பூட்டு சரி?

மாதக்கணக்கில் உழைத்து ஒரு சாஃப்ட்வேரை விற்பனைக்கு விடுகிறீர்கள். அடுத்த வாரமே அது ஓசியில் சுற்றுகிறது. தடுக்க என்ன வழி?

சீரியல் நம்பர்: பழைய முறை. கடையில் விற்ற விண்டோஸ் 95-க்கு 111-1111111 என்று அடித்தாலே போதும், ஏற்றுக்கொள்ளும். கடைசி 7 இலக்கங்களின் கூட்டுத்தொகை 7-ஆல் வகுபடுகிறதா என்பதே முக்கியச் சோதனை!

டிஜிட்டல் கையெழுத்து: கீயை உருவாக்கும் ரகசியம் டெவலப்பரிடம் மட்டுமே இருக்கும். அதனால் போலி கீ தயாரிப்பது ரொம்பக் கஷ்டம். ஆனால், வாங்கியவர் தன் கீயை நாலு பேருக்குக் கொடுத்தால்?

ஆக்டிவேஷன்: அதற்குத்தான் இது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, கீயைக் கம்ப்யூட்டரின் ஹார்டுவேருடன் இணைத்தது. ஆனால், பெரிய நிறுவனங்களுக்கான கீக்கு ஆக்டிவேஷன் தேவையில்லை. அப்படியொரு கீ கசிந்ததும், பூட்டு இருந்தும் பயனில்லாமல் போனது.

எப்போதும் ஆன்லைன்: 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டி கேமுக்கு இன்டர்நெட் கட்டாயம். சர்வர் திணறியதால், காசு கொடுத்தவர்களே விளையாட முடியாமல் தவித்தார்கள். ஓராண்டு கழித்துத்தான் ஆஃப்லைன் வசதி வந்தது.

சிறிய டெவலப்பர் என்ன செய்யலாம்? வாங்கியவரின் பெயர் பதிந்த, கையெழுத்திட்ட கீ கொடுக்கலாம். பெயர் தெரியும் என்பதால் பகிரத் தயங்குவார்கள். ஒருமுறை ஆக்டிவேஷன், இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களுக்கு அனுமதி, லேப்டாப் மாறினால் சுலபமாக மாற்றும் வசதி போதும்.

சோதனையையே நீக்கிவிடும் கிராக்கர்களை எந்தப் பூட்டும் முழுசாகத் தடுக்காது. காசு கொடுத்தவரை வாசலில் நிற்க வைக்காத பூட்டே நல்ல பூட்டு.