லயத்துப் பிள்ளைகள் குற்றவியல் படிக்கட்டும்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் முதலில் கேட்கும் கேள்வி, ஆசிரியர் நியமனம் கிடைக்குமா என்பதுதான். குற்றவியல் என்றொரு படிப்பு இருப்பதைக் கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் அது சிறப்புப் பட்டமாகவே கற்பிக்கப்படுகிறது. நம் பதுளையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பம் உண்டு, இது இல்லை.

பொலிஸ் வேலைக்கான பயிற்சி என்று இதை நினைத்துவிடக் கூடாது. சட்டம் எப்படிப் பிறக்கிறது, ஏன் மீறப்படுகிறது, மீறியவரைச் சமூகம் என்ன செய்கிறது என்ற மூன்றையும் சேர்த்ததே குற்றவியல் என்றார் அமெரிக்க அறிஞர் எட்வின் சதர்லாண்ட். முதல் கேள்விக்கு நம் மலையிலேயே பாடம் இருக்கிறது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ், சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது மறியலுக்கு அனுப்பக்கூடிய குற்றமாக இருந்தது. கடன் தீர்ந்ததற்கான 'துண்டு' கையில் இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. மற்றக் கேள்விகளுக்குப் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ இருக்கிறது. 2000 ஒக்டோபர் 25 அன்று அங்கே புனர்வாழ்வு முகாமில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் கொன்றது. மரண தண்டனை பெற்றவர்களும் பிறகு மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். ஒரு கும்பல் எப்படித் திரள்கிறது என்பதை இந்த மண்ணில் பிறந்தவர்கள் ஆராய வேண்டாமா?

ஆனால் எனக்குத் தீராத கவலை ஒன்று உண்டு. அது பொலிஸில் முறைப்பாட்டைப் பதியும் 'என்ட்ரி' பற்றியது.

புருஷன் அடித்த காயத்தோடு ஒரு பெண் அரைப் பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்து பொலிஸுக்குப் போகிறாள். தமிழில் சொல்கிறாள். சிங்களத்தில் எழுதப்படுகிறது. கையொப்பம் வைக்கிறாள். வாய்மொழி முறைப்பாட்டை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டம். புரியாத மொழியில் வாசித்து என்ன பயன்? மொழிபெயர்க்கக் கூட வந்தவர் அவனுடைய சொந்தக்காரராக இருந்தால், விறகுக் கட்டையால் அடித்தது 'குடும்பத் தகராறு' ஆகிவிடும். மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் அந்த எழுத்துத்தான் பேசும், அவள் பேச்சு எடுபடாது. 1987இலேயே 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது. அதைக் காகிதத்திலிருந்து பொலிஸ் மேசைக்குக் கொண்டுவர ஆள் வேண்டும்.

அந்த ஆள் நம் பிள்ளைதான். தமிழ்நாட்டிலும் இதைப் படிக்கலாம்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை உண்டு. திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. பாதிக்கப்பட்டவரை மையமாக வைக்கும் ஆய்வும் இத்துறையில் வளர்ந்திருக்கிறது. அடிபட்டவளிடம் எதை, எப்படிக் கேட்பது என்று கற்ற ஒருவர் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தால் முறைப்பாடே வேறு மாதிரி எழுதப்படும்.

இந்தப் பட்டத்துக்கு வேலை எங்கே என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பொலிஸ் மட்டுமல்ல, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு, சிறைச்சாலை, சமுதாயஞ்சார் சீர்திருத்தம் என்று இந்தப் படிப்பு உதவும் இடங்கள் பல. எல்லா இடத்திலும் சிங்களம் தேவைப்படும். ஆகவே தோட்டப் பாடசாலைகளில் இரண்டாம் மொழியைப் பரீட்சைக்காக மட்டும் படிப்பிக்காமல், ஒரு வாக்குமூலத்தை வாசித்துப் பிழை பிடிக்கும் அளவுக்குப் படிப்பிக்க வேண்டும். அதைத் தரம் ஆறிலேயே தொடங்க வேண்டும்.