முகத்தில் பூசும் பாதரசம்

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கிச் செல்லும் லூப் சாலையில், நொச்சிக்குப்பத்துத் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாக மீன் விற்று வருகின்றனர். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கு நவீன மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. தலைக்கு மேல் கூரை கிடைத்தது நல்லதே. எனினும் வெயிலும் உப்புக்காற்றும் பல்லாண்டுகளாக ஒருவர் தோலில் எழுதியதை எந்தக் கூரையும் அழித்துவிடாது. அது உழைப்பின் நிறம். அந்த நிறத்தை உடைய தாயின் மகள், பெண் பார்க்க வருவோர் வருமுன் பத்தே நாள்களில் சிவந்துவிட வேண்டும் என்னும் நெருக்கடி எழும்போதுதான், நாம் இங்குக் கூறவந்த செய்தி தொடங்குகிறது.

இந்த நெருக்கடி குப்பத்துக்கு மட்டும் உரியதன்று. மயிலையிலும் தியாகராய நகரிலும் படித்த குடும்பங்களிலும் உண்டு. படித்தவர் வீட்டில் சற்று விலை உயர்ந்த புட்டியில் வரும், அவ்வளவே வேறுபாடு.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு, பொதுவாக அரிதாகவே தென்படும் ஓர் உட்பிரிவு நோய் இருந்தது. நோயின் காரணத்தைத் தேடிச் சென்றபோது, அந்தப் 15 பேரில் 13 பேர் தோலை வெளுக்கச் செய்யும் முகப்பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள் என்பது தெரியவந்தது. பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோர்க்கு நோய் தணிந்தது. முகத்தில் தடவியது சிறுநீரகத்தைத் தாக்குமா என்று வியப்போர்க்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினரும் 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்னும் பெயரில் கடைகளைச் சோதனையிட்டு, உரிமமற்ற ஒப்பனைப் பொருள்களைக் கைப்பற்றினர்.

இவ்வளவுக்கும் காரணமான பொருள் பாதரசம். நம் தோலுக்குக் கருமை தரும் நிறமி ‘மெலனின்’ எனப்படுகிறது. அது உருவாவதற்குத் துணைபுரியும் நொதியைப் பாதரச உப்புகள் தடுத்துவிடுகின்றன. ஆகவே சில நாள்களிலேயே முகம் வெளுக்கிறது. பூசியவர் மகிழ்கிறார், அண்டை வீட்டாரிடமும் சொல்கிறார். ஆனால் பாதரசம் தோலின் வழியே உள்ளே நுழைந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. வடிகட்டும் சவ்வு பழுதுபட்டு, உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறுகிறது. சிறுநீர் நுரைக்கும், கால்களும் கண்ணிமைகளும் வீங்கும். பூசியவரோடு இது நிற்பதுமில்லை. ஒரே துண்டைப் பயன்படுத்துவோர்க்கும், தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்து உறங்கும் குழந்தைக்கும் பாதரசம் சென்று சேர்வதை மருத்துவ உலகம் கண்டறிந்துள்ளது.

கடலோர மக்களுக்குப் பாதரசத்தின் வரலாறு அந்நியமானதன்று. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், ஒரு தொழிற்சாலை வளைகுடாவில் விட்ட கழிவால் மீன்கள் நஞ்சாயின. அம்மீன்களை உண்ட மீனவக் குடும்பங்கள் கைகால் நடுங்கி, பார்வை மங்கி, பேச்சுக் குழறி மாண்டன. 1956-இல்தான் அந்நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. அது மெத்தில் பாதரசம்; முகப்பூச்சில் பெரும்பாலும் காணப்படுவது வேறு வகை உப்பு. ஆனால் கழுவி வடிகாலில் விடும் பாதரசம் நீர்நிலைகளைச் சேரும்போது, நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றவல்லவை. நம் தமிழ்நாட்டிலேயே, கொடைக்கானலில் 1983 முதல் 2001 வரை இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடை வரை சென்றதும், ஆலை மூடப்பட்டதும் பலர்க்கு நினைவிருக்கும்.

மினமாட்டாவின் பெயராலேயே ஓர் உலக உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2018-இல் அதை ஏற்றது. பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிப்பதென 2023-இல் அதன் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகளும், கண்ணைச் சுற்றிப் பூசுபவை நீங்கலாக, தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்கின்றன. சட்டம் இருக்கிறது, அதன் கண்ணில் படாத புட்டியும் சந்தையில் இருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பூச்சுகளிலெல்லாம் பாதரசம் உண்டென்று நாம் கூறவில்லை. அழகு நிலையத்தில் சிறு டப்பியில் எடுத்துத் தருவதும், வெளிநாட்டிலிருந்து வந்ததென்று கைமாறுவதும்தாம் அஞ்சத்தக்கவை.

வாங்குமுன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், கலந்த பொருள்களின் பட்டியல் இவை இல்லையெனில் அதைத் தொடவேண்டாம். ‘கலோமெல்’, ‘மெர்க்குரி’ என்னும் சொற்கள் இருந்தாலும், பூசும்போது பொன் வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளுமாறு குறிப்பிருந்தாலும் பாதரசம் என்றே கொள்ளலாம். பயன்படுத்திக் கொண்டிருப்போர் உடனே நிறுத்திச் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்வது நலம். எஞ்சியதைக் கழுவி வடிகாலில் ஊற்றாமல், உறையிலிட்டு இறுகக் கட்டித் தனியே வையுங்கள்.

நிறுத்தியபின் முகம் மீண்டும் கறுக்கும். பலர் பழைய புட்டியைத் தேடி ஓடுவது அப்போதுதான். அந்நாள்களில் வீட்டிலுள்ளோர், குறிப்பாக மாமியாரும் நாத்தனாரும், ஒரு சொல்லும் சொல்லாதிருப்பது எந்த மருந்தினும் பெரிய உதவியாகும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் மாற்று வழியன்று. முதலில் பளபளக்கச் செய்து, பின் தோலை மெலிவித்துச் சிவந்த புண்முகமாக்கிவிடும். மருத்துவர் சீட்டின்றி அத்தகைய களிம்புகளை விற்கலாகாதென அரசு 2018-இல் விதித்தது இதனாலேயே.

அப்படியானால் எதைப் பூசுவது? பயற்றமாவும் சீயக்காயும் நம் வீடுகளில் என்றும் உள்ளவை. பயற்றை வீட்டிலேயே காயவைத்து அரைத்தால் கலப்படத்துக்கு இடமில்லை. ஆனால் ‘மூலிகை’ என்று அச்சிட்ட அனைத்தும் மூலிகையன்று. பெயரில்லாத பச்சைப் பொடியும் பெயரில்லாத வெள்ளைப் பசையும் நமக்கு ஒன்றே. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் நிற்பது தோலைப் பொசுக்கும் என்பதையும் அறிந்துகொள்க.

மீன் விற்கும் தாய்மார்க்கு முகத்தைவிடக் கைகளே பெரும்பாடு. பனிக்கட்டியும் உப்புநீரும் விரல்களை வெடிக்கச் செய்யும்; வாடை போகவேண்டித் துணி சோப்பால் தேய்த்தால் வெடிப்பு ஆழமாகும். மீன்வாடை காரத்தன்மை உடையதாதலால் புளி கரைத்த நீரே அதைப் போக்கிவிடும். பின்னர் நல்ல நீரில் கழுவித் துடைத்து, இரவில் தேங்காயெண்ணெய் தடவிப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு உறங்கலாம்.