பட்டம் கிழக்குக்கு, ஆட்டம் மேற்கில்!

தெம்பனிஸ் நிலையத்தில் பச்சை வழித்தட எம்ஆர்டி ரயிலில் ஏறுங்கள். சிமெய், தானா மேரா, பிடோக் என்று எண்ணிக்கொண்டே வந்தால் 21வது நிறுத்தம் கிளமெண்டி. இன்னும் நான்கு நிறுத்தம் போனால் பூன் லே. கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பயணம்.

வேலை முடிந்து, மாலை ஏழரை மணி ஆட்டத்துக்கு இவ்வளவு தூரம் போவீர்களா? அதுவும் உங்கள் வட்டாரக் குழு தன் ‘சொந்தத் திடலில்’ ஆடுவதைப் பார்க்க?

தெம்பனிஸ் ரோவர்ஸ் ரசிகர்கள் ஐந்து பருவங்கள் அப்படித்தான் போனார்கள். 2012 முதல் 2014 வரை கிளமெண்டி விளையாட்டரங்கம். 2015, 2016ல் ஜூரோங் வெஸ்ட் விளையாட்டரங்கம். தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஊரின் பெயரைச் சட்டையில் தாங்கிய குழு, தீவின் மேற்கில் ‘வீடு’ எடுத்துக் குடியிருந்தது.

கம்பத்தில் தொடங்கிய குழு

தெம்பனிஸ் ரோவர்ஸ் தொடங்கியது 1945ல். அப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் இல்லை, எம்ஆர்டி இல்லை. கம்பத்துக் காற்பந்து ஆர்வலர்கள் சிலர் கூடி ஆரம்பித்த குழு அது. 1996ல் எஸ்.லீக் தொடங்கியபோது களமிறங்கிய எட்டுக் குழுக்களில் அதுவும் ஒன்று.

அந்த எட்டில் பல குழுக்களின் பெயர்களைப் பாருங்கள்: கேலாங், உட்லண்ட்ஸ், செம்பவாங், தியோங் பாரு, தெம்பனிஸ். எல்லாம் வட்டாரப் பெயர்கள். வீட்டுக்குக் கீழே இறங்கி, நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய ஆட்டம் என்பதுதான் அந்த லீக்கின் கனவு.

தெம்பனிஸுக்கு அது வாய்த்தது. 1989ல் திறக்கப்பட்ட தெம்பனிஸ் விளையாட்டரங்கம் அதன் வீடானது. 2004, 2005 ஆண்டுகளில் லீக் பட்டமும் வந்தது. பிறகு, அந்த இடத்தில் மாபெரும் சமூக நடுவம் கட்டும் திட்டம் வந்தது. அரங்கம் இடிக்கப்பட, குழு பெட்டி படுக்கையைக் கட்டியது.

இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. நம் ஊரில் நிலம் அரிது. குழுக்கள் ஆடும் அரங்கங்கள் குழுக்களுக்குச் சொந்தமானவையும் அல்ல. அவை பொதுத்துறை அமைப்புகளின் நிர்வாகத்தில் இருப்பவை. வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று உரிமையாளர் சொன்னால், வாடகைக்கு இருப்பவர் வேறு இடம் தேடத்தானே வேண்டும்?

கோப்பை வந்தது, வீடு வரவில்லை

வியப்பு என்னவென்றால், வீடில்லாத அந்தக் காலத்திலும் குழு சாதித்தது. 2011ல் வென்ற பட்டத்தை 2012லும் 2013லும் தக்கவைத்துக்கொண்டது. தொடர்ந்து மூன்று பட்டங்கள். அவற்றில் இரண்டு, கிளமெண்டியைச் சொந்தத் திடலாகக் கொண்ட பருவங்களில் வந்தவை.

ஆனால், வெற்றி மட்டும் ஒரு குழுவை ஊரோடு சேர்த்துவைக்காது. 2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சனல், லிவர்பூல் குழுக்களுக்கு ஆடிய ஜெர்மெய்ன் பெனன்ட் அந்த ஆண்டு தெம்பனிஸ் குழுவில் சேர்ந்தார். 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆடியவர். அதே பருவத்தின் தொடக்கத்தில் பயிற்றுநராக இருந்தவர், நம்மவர்களுக்கு அறிமுகமே தேவைப்படாத வி. சுந்தரமூர்த்தி. அந்த ஆண்டு மே மாதம் அவர் தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்றார்.

ஒரு வட்டாரக் குழுவுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? தெம்பனிஸ் சிறுவர்கள் பள்ளி முடிந்து நடந்தே போய்ப் பார்த்திருக்க வேண்டிய காட்சி அது. ஆட்டமோ ஜூரோங் வெஸ்ட்டில். 2017ல் குழு ஊர் திரும்பியபோது பெனன்ட் குழுவில் இல்லை.

நேரலை ஒலிபரப்பில் ஒரு நிமிடம் தவறவிட்டால் அது போனதுதான் என்பார்கள். காற்பந்திலும் அப்படித்தான். ஒன்பது வயதில் திடலுக்குப் போகாத பிள்ளை, 14 வயதில் புதிதாகப் போகத் தொடங்குவது கடினம். அதற்குள் அவன் தொலைக்காட்சியில் வேறொரு நாட்டுக் குழுவுக்கு ரசிகனாகிவிடுவான்.

பிரைட்டன் தரும் பாடம்

இங்கிலாந்தின் பிரைட்டன் குழுவின் கதை இன்னும் கொடுமையானது. கடனில் சிக்கிய அக்குழுவின் திடல் விற்கப்பட்டு, 1997ல் கைவிட்டுப் போனது. அடுத்த இரண்டு பருவங்கள் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கில்லிங்ஹம் குழுவின் திடலில் ‘சொந்த’ ஆட்டங்களை ஆடியது.

1999ல் அது ஊர் திரும்பியது. ஆனால், கிடைத்தது பெரிய அரங்கமல்ல. விதீன் எனும் திடல்தட விளையாட்டரங்கம். ஆட்டத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே ஓட்டப்பாதை. வசதி குறைவு. இருந்தாலும் அது பிரைட்டனில் இருந்தது. அங்கே இருந்தபடியே குழு கீழ்ப் பிரிவுகளிலிருந்து மேலேறியது. 2011ல் புதிய அரங்கம், 2017ல் இங்கிலிஷ் பிரிமியர் லீக்.

அப்படியென்றால் திடலைப் பகிர்வதே தவறா? இல்லை. இத்தாலியின் மிலான் நகரில் ஏசி மிலானும் இன்டர் மிலானும் 1947 முதல் சான் சீரோ அரங்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் ஐரோப்பாவின் மாபெரும் குழுக்கள். இரண்டும் ஒரே நகரத்தைச் சேர்ந்தவை. எந்த ரசிகரும் வேற்றூருக்குப் போக வேண்டியதில்லை.

பகிர்வது ஒரு குழுவைப் பலவீனப்படுத்தாது. தூரம்தான் பலவீனப்படுத்தும்.

ஒரே திடல், இரண்டு குழுக்கள்

2017 ஆகஸ்ட் மாதம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ‘நமது தெம்பனிஸ் நடுவம்’ இதற்கு நல்ல உதாரணம். நடுவில் ஏறத்தாழ 5,000 இருக்கைகளுடன் திடல். சுற்றிலும் நூலகம், நீச்சல் வளாகம், உணவங்காடி நிலையம். புத்தகம் இரவல் வாங்க வந்தவர் காதில் ‘கோல்’ சத்தம் விழுகிறது. சாப்பிட வந்த குடும்பம் எட்டிப் பார்க்கிறது. தெம்பனிஸ் ரோவர்ஸ் அங்கேதான் வீடு திரும்பியது.

அந்த வீட்டுக்கு இன்னொரு குடித்தனமும் வந்தது. பிடோக் விளையாட்டரங்கத்தில் ஆடிவந்த கேலாங் இன்டர்நேஷனல், பின்னர் தெம்பனிஸ் நடுவத்தைத் தன் சொந்தத் திடலாக்கிக்கொண்டது. 1996ல் எஸ்.லீக்கின் முதல் பட்டத்தை வென்ற குழு அது. இரு குழுக்களும் மோதும்போது, அட்டவணையில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவர்தான் அன்றைக்கு வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. அடுத்த முறை அப்படியே தலைகீழ்.

இது சாத்தியமாவதற்குச் செயற்கைப் புல்லும் ஒரு காரணம். நம் மழைக்கு, இயற்கைப் புல்தரையில் அடுத்தடுத்து ஆட்டங்கள் வைத்தால் தரை சேறாகிவிடும். செயற்கைத் தரை இரண்டு குழுக்களையும் தாங்கும். மற்ற நேரங்களில் அக்கம்பக்கத்தாரையும் தாங்கும். பந்து எகிறும் விதம் மாறுகிறது, வெயிலில் தரை கொதிக்கிறது என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பதும் உண்டு. பகிர்வுக்கு நாம் கொடுக்கும் விலை அது.

கேலாங் ரசிகருக்கும் இழப்பு உண்டுதான். ஆனால் பிடோக்கிலிருந்து தெம்பனிஸுக்கு மூன்றே நிறுத்தங்கள். இருபத்தைந்து இல்லை.

அடுத்த முறை பெட்டி கட்டும்போது

நம் அரங்கங்கள் இனியும் இடிக்கப்படும், இனியும் கட்டப்படும். தோ பாயோவிலும் அரங்கம், நூலகம், பலதுறை மருந்தகம் எல்லாம் ஒரே இடத்தில் அமையும் பெரிய மறுமேம்பாடு திட்டமிடப்பட்டுள்ளது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: கட்டி முடியும்வரை அந்த வட்டாரத்தின் குழு எங்கே ஆடும்?

காலியாக உள்ள அரங்கம் எது என்று மட்டும் பார்த்தால், பதில் தீவின் மறுகோடியாகக் கூட இருக்கலாம். ரசிகர் எங்கே வசிக்கிறார் என்று பார்த்தால், பக்கத்து வட்டாரத்துத் திடலைப் பகிர்வதே பதிலாக வரும். அங்கே வசதி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. தூரம் தவிர்க்க முடியாததானால், ஆட்ட நாளில் பழைய வட்டாரத்திலிருந்து ஒரு பேருந்தாவது புறப்படட்டும்.

நம் பங்கும் இருக்கிறது. உங்கள் வட்டாரக் குழு அடுத்து எங்கே, எப்போது ஆடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். திடல் யாருக்குச் சொந்தமாக இருந்தால் என்ன? கைதட்டும் கூட்டம் இருக்கும்வரை குழுவுக்கு ஊர் இருக்கிறது.