அன்று குவார்ட்டர்ஸ், இன்று ஒரிஜினல் சர்டிபிகேட்

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் பக்கம் கல்லூரி வாத்தியார் என்றால் முதலில் காந்திகிராமம்தான் நினைவுக்கு வரும். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண்ணான டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே தொடங்கியது அது. 1952இல் ஆத்தூர் தொகுதி சௌந்தரத்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் வந்தது. வெளியூர்களிலிருந்து வந்த ஆசிரியர்கள் வளாகத்துக் குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். கதர், சர்வசமயப் பிரார்த்தனை, மாணவர்களோடு கிராமங்களில் தங்கிச் செய்யும் வேலை என்று ஒரு வாழ்க்கையே அங்கு இருந்தது. பணம் மட்டுமே குறி என்றால் மதுரையிலேயே இறங்கியிருப்பார்கள்.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. தனியார் கல்லூரிகளில் நிர்வாகம் முகம் சுளித்தால் வேலை போய்விடும். மூட்டா, ஏயூடி என்ற கல்லூரி ஆசிரியர் சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடின. 1976இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நினைத்தபடி ஆளை நீக்க முடியாது, உதவிபெறும் கல்லூரியில் அரசுச் சம்பளம், கடைசியில் பென்ஷன் என்றானபின் எவர் கிளம்புவார்? லட்சியம் சிலரை இருத்தியது. பலரை இருத்தியது இந்தப் பாதுகாப்புதான்.

1980களில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. 2003 ஏப்ரல் முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் நிறுத்தப்பட்டது. இன்று ஏப்ரல், மே வெயிலில் சின்னாளபட்டித் தறிவீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, கையில் நோட்டீஸோடு நிற்பவர் முனைவர் பட்டம் வாங்கிய சுயநிதிக் கல்லூரி உதவிப் பேராசிரியர். அட்மிஷன் டார்கெட். “ஃபீஸ் எவ்வளவு சார்? பஸ் வருமா?” என்கிறார் அம்மா. இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். மனம் வெறுத்து விலகலாம் என்றால், சில இடங்களில் ஒரிஜினல் சர்டிபிகேட் நிர்வாகத்தின் அலமாரியில் இருக்கும். இப்படி இருக்கிறவரை ‘வேலையில் நீடிக்கிறார்’ என்று கணக்கில் எழுதுவது நியாயமா?

அரசுக் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுப்பவருக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரோடு சரி. 2019இல் யுஜிசி மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. தமிழ்நாட்டில் 2023இல்தான் 20,000 என்பது 25,000 ஆனது, அதுவும் வருடத்துக்குப் பதினொரு மாதம். மே மாதம் பட்டினி மாதம். ஆனாலும் போகமாட்டார்கள். அனுபவச் சான்று வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) அறிவிப்பு வரும் என்ற காத்திருப்பு. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தேர்வோ அந்த வருடம் நடக்கவில்லை. பொறுத்துப் பார்த்தவர்களில் சிலர் ஐ.டி. பக்கம், சிலர் வளைகுடாப் பக்கம் போய்விட்டார்கள். பாடம் நடத்தப் பிடிக்காமல் போனவர்கள் இல்லை இவர்கள்.

2022இல் கூட்டுறவுத் துறையின் கலை அறிவியல் கல்லூரி ஆத்தூருக்கே வந்தது. பிள்ளைகள் இனி இடம் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியில் சேர்த்தாலும் ஃபீஸும் பஸ்ஸும் விசாரித்த கையோடு, அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.